ஊர் பார்த்த வயிறு

குத்துக்கல்வலசையில் அந்தக் காலத்தில் வைத்தியருக்குப் பஞ்சமே கிடையாது. கிணற்றடியில் குடத்தோடு நிற்கிற அத்தனை பேரும் வைத்தியர்கள்தான். பிள்ளைக்கு வயிறு உப்பினால் மாந்தம், உடம்பு நடுங்கினால் காத்துச் சேட்டை, இரண்டும் சேர்ந்து வந்தால் பக்கத்து வீட்டுக்காரியின் கண். ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். பிள்ளை செத்தால் ஒப்பாரி வைக்கவும் அவர்களே முதலில் வந்து உட்காருவார்கள். அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நான் இருபது வருஷத்துக்கு மேல் டீச்சராக இருந்தேன். அந்தச் சனத்தைப் பற்றி என்னிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். நான் சொல்ல வந்தது தங்கத்தாயைப் பற்றி.

தங்கத்தாய் புளியறைக்காரி. அவள் அப்பா மலையாளத்துக்கும் தென்காசிக்குமாக மாட்டுவண்டி ஓட்டியவர். நல்ல உயரம், கறுப்பு, எண்ணி எண்ணிப் பேசுவாள். ஒரு காரியத்தைக் கையில் எடுத்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் விடமாட்டாள். புகுந்த வீட்டில் இதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த வீடு நான் குடியிருந்த வீட்டுக்கு அடுத்தது. மூத்தவன் தளவாயும் அவன் பெண்டாட்டி மாடத்தியும் முன்கட்டில். இளையவன் சங்கிலிப்பாண்டியும் தங்கத்தாயும் பின்கட்டில். ஊரில் பெரிய குடும்பம் என்பார்கள். பெரிய மீசை இருந்தது, பெரிய பேச்சு இருந்தது. வயலும் மாடும் தளவாயின் கையில் இருந்தன.

அவளுடைய முதல் பிள்ளை ஆண். பால்குடி மாறுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற முறைக்காய்ச்சல். அதற்கு எங்கள் ஊர் ஒரு சட்டம் வைத்திருந்தது. காய்ச்சல் அடிக்கிற நாளில் பிள்ளையை வாசல் தாண்டித் தூக்கக் கூடாது, காற்று பட்டுவிடும். காய்ச்சல் இல்லாத நாளில் பிள்ளை விளையாடுகிறதே, அப்புறம் ஆஸ்பத்திரி எதற்கு? ஆக, எந்த நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் இல்லை. இதைக் கண்டுபிடித்த மூளைக்குக் கோவில் கட்டலாம். கடைசியில் மாடத்தி ஆள் கூட்டிவந்து பிள்ளையின் இடது விலாவுக்குக் கீழே மஞ்சள் கொம்பைச் சுட்டு மூன்று சூடு வைக்கச் சொன்னாள். பிள்ளை சூட்டுத் தழும்போடு மண்ணுக்குள் போயிற்று.

இரண்டாவது பிள்ளை பெண். சந்தனமாரி என்று பெயர், மாரி மாரி என்று கூப்பிடுவாள். மாரி தவழத் தொடங்கிய சமயம் சங்கிலிப்பாண்டி பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போனான். தேசத்தைக் காப்பாற்றப் போனதாக இப்போது பேசிக்கொள்கிறார்கள். அண்ணனின் ஏவல் தாங்காமல் போனான் என்பது எனக்குத் தெரியும்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. குற்றாலத்தில் சாரல் நல்ல சாரல். உடம்பு தேறுவதற்கென்று எங்கிருந்தெல்லாமோ பெரிய மனிதர்கள் பங்களா பிடித்து, ஐந்தருவியில் தலைகொடுத்து நின்றுவிட்டு, பசி எடுத்ததென்று சந்தோஷமாகத் திரும்பிப் போனார்கள். அந்தத் தண்ணீரே ஓடையும் வாய்க்காலுமாக எங்கள் வயலுக்கு வந்து தேங்கியது. சாரல் ஓய்ந்ததும் கொசு வந்தது, கொசுவோடு காய்ச்சல் வந்தது. ஒன்றரை வயசு மாரிக்கும் வந்தது. உச்சிப்பொழுதில் பல் கிட்டும், கம்பளியில் சுற்றினாலும் நடுக்கம் நிற்காது. பிறகு அடுப்புக்கல் மாதிரி சுடும். சாயங்காலம் வியர்த்து ஓய்ந்து தூங்கிவிடும். மறுநாள் எழுந்து விளையாடும். ஐப்பசி பிறப்பதற்குள் கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. முதல் பிள்ளையும் இப்படித்தான் ஆனான் என்று தங்கத்தாய்க்குத் தெரியும். இவளையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

அப்போதுதான் என் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மலேரியா கோஷ்டி வந்தது. அரைக்கால் சட்டை போட்ட ஒரு இளவயது டாக்டர், ஒரு குமாஸ்தா, ஒரு பெட்டி நிறையக் கண்ணாடித் துண்டுகள். என் வகுப்புப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் படுக்க வைத்து, இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அமுக்கினார் டாக்டர். மண்ணீரல் வீங்கியிருந்தால் விரலில் தட்டுப்படுமாம். ஊரில் எத்தனை பிள்ளைக்கு அப்படி வீங்கியிருக்கிறது என்று பார்த்தால், அந்த ஊரில் மலேரியா எவ்வளவு வேரோடியிருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். பிள்ளைகள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தன. டாக்டர் "ரெண்டு விரல்", "மூணு விரல்" என்று சொல்லச் சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவியபோதுதான் சிரிப்பு நின்றது.

தங்கத்தாய் மாரியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். "நாலு விரல்" என்றார். குமாஸ்தா வயசைக் கேட்டார். ஒன்றரை என்றதும் பேனாவை மூடிவிட்டார். "ரெண்டு வயசுக்குக் கீழ எங்க கணக்குல வராது, சார்."

"கணக்கில் வராவிட்டால் போகிறது. மருந்து கொடுங்கள்" என்றேன் நான்.

"இது சர்வே, டீச்சர். மருந்து நாங்கள் கொண்டுவருவதில்லை" என்றார் டாக்டர். பாவம், சொல்லும்போது அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது. தங்கத்தாயைப் பார்த்து, "இது மலேரியாம்மா. கொயினா கொடுத்தால் பிழைத்துவிடும். தாமதிக்காதே" என்றார். பிறகு பெட்டியைப் பூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள்.

மறுநாள் மாரிக்குக் காய்ச்சல் நாள். தங்கத்தாய் ஊர்ச் சட்டத்தைக் காலால் எற்றிவிட்டு, கொதிக்கிற பிள்ளையை முந்தானையில் பொதிந்துகொண்டு தென்காசிக்கு நடந்தாள். நானும் லீவு எழுதிவைத்துவிட்டுக் கூடப் போனேன். அங்கே ஒரு ஜமீன் பேரில் தர்ம வைத்தியசாலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. டாக்டர் என்று ஒருவர் இருப்பதாகச் சொல்வார்கள், நான் கண்டதில்லை. எல்லாம் கம்பவுண்டர் மந்திரமூர்த்திதான். ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்த பிறகு கொயினா வருவது நின்றுபோய், இருக்கிற கொஞ்சத்தைப் பட்டாளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. பங்களாப் பிள்ளைகளுக்கென்று கசக்காத கொயினா ஒரு சீசாவில் இருந்தது. அதை அவர் எங்கள் கண்ணில் படாமல் நகர்த்தி வைத்ததை நான் கவனிக்காமல் இல்லை.

"பட்டாளத்துக்கே பத்தல, இங்கன வந்து கேக்கியளே" என்றார்.

"என் வீட்டுக்காரரும் பட்டாளத்துலதான் இருக்காக" என்றாள் தங்கத்தாய்.

அவர் முனகிக்கொண்டே பொட்டலம் மடித்தார். மடித்ததை நீட்டி, "பாலோட குடு. காய்ச்சல் விட்டுட்டுன்னு நிறுத்திராத, தீர்ற மட்டும் குடு" என்றார். இவ்வளவுதான் அவர் சொன்னது.

பாலோடு. கம்பவுண்டர் நினைத்தது மாட்டுப் பால், டம்ளர், ஸ்பூன். மாரியை இடுப்பில் வைத்திருந்தவளுக்குப் பால் என்றால் எது? வீட்டு மாடு கறந்த பாலெல்லாம் தளவாய் கணக்கில் குற்றாலம் பங்களாக்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு சொட்டு பின்கட்டுக்கு வந்ததில்லை. தங்கத்தாய் பொட்டலத்தைப் பிரித்து, பொடியைத் தன் பாலில் குழைத்து, மார்க்காம்பில் தடவிப் பிள்ளைக்குக் கொடுத்தாள்.

மாரி வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள், துப்பினாள், பசியில் மறுபடி வாய் வைத்தாள். இப்படியே சண்டை பிடித்துச் சண்டை பிடித்துக் கொஞ்சம் உள்ளே போயிற்று. இரண்டு மூன்று நாளில் தாய் ரவிக்கையை விலக்கினாலே வீல் என்று கத்தி உடம்பை வில்லாக வளைத்தாள். தங்கத்தாய் பிறகு கருப்பட்டித் தண்ணீரில் கரைத்து, சங்கில் வைத்து, மூக்கைப் பிடித்துப் புகட்டினாள். மருந்து வேலை செய்தது. நடுக்கம் வரவேண்டிய நாளில் லேசாகத்தான் உடம்பு சுட்டது, அடுத்த முறை அதுவும் இல்லை. ஆனால் மாரி பாலை மறந்துவிட்டாள். எத்தனை தடவை கழுவிக் கொடுத்தாலும் அந்த மார்பை அவள் நம்பவில்லை.

இதில் முதல் நாள் கூத்தை மாடத்தி பார்த்துவிட்டாள். தங்கத்தாய் மார்பில் எதையோ தடவுகிறாள், பிள்ளை துப்புகிறது. எங்கள் பக்கம் வேப்பிலையை அரைத்தோ கற்றாழையைத் தடவியோதான் பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பார்கள். ஒன்றரை வயசு நோஞ்சான் பிள்ளைக்கு எதற்காக ஒருத்தி பால் மறக்கடிக்க வேண்டும்? அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கிவிட்டால்தான். பிள்ளையைப் பார்த்தால் வயிறு முன்தள்ளி, கைகால் சூம்பி, சதா சிணுங்கிக்கொண்டு நிற்கிறது. அது சவலைக்கு லட்சணம். தாய் மறுபடி உண்டானால் இடுப்புப் பிள்ளை சவலையாகும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். புருஷன் ஊரை விட்டுப் போய் வருஷம் ஆகிறது. கணக்கு முடிந்தது. மாடத்திக்கு வேறென்ன வேண்டும்? வாயை வாடகைக்கு விட்டாள்.

கிணற்றடி அன்றைக்குத் திருவிழாக் கோலம்தான். வயிறு பெருத்திருந்தது பிள்ளைக்கு. ஊர் மொத்தமும் தாயின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் போய்ச் சொன்னேன். இது சவலை இல்லை, மலேரியா, பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளைகள் வயிற்றையும்தானே டாக்டர் அமுக்கிப் பார்த்தார், பாதிப் பிள்ளைக்கு அங்கே கட்டி இருக்கிறதே, அத்தனை தாயும் உண்டாகியா இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பிள்ள பெறாதவளுக்கு என்ன தெரியும்" என்று ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். என் வாயை அடைக்க அந்த ஒரு வாக்கியத்தை எப்போதும் கைவசம் வைத்திருப்பார்கள்.

இரண்டு நாளில் தளவாய் முன்கட்டுக்குத் தங்கத்தாயைக் கூப்பிட்டான். தான் வாசலில் மீசையைத் தடவிக்கொண்டு நின்று, உள்ளே பெண்களைக் கூட்டிவைத்திருந்தான். நானும் போனேன், என்னை யாரும் கூப்பிடவில்லை. மாடத்தி நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, நாங்க ஒண்ணும் ஒன்னைய வெட்டிப் போடல. அந்தக் கருமத்தத் தடவுதத விடு. எல்லாருக்கும் முன்னால பிள்ளைக்குப் பால் குடு. பிள்ள குடிச்சா நாங்க வாய மூடிக்கிடுதோம்" என்றாள். உண்டானவளின் பாலைப் பிள்ளை தொடாது என்பது அவர்கள் வேதம்.

"குடிக்காதுக்கா. கொயினாவத் தடவுனதுல பால் மறந்துட்டு" என்றாள் தங்கத்தாய்.

"அதத்தான் நாங்களும் சொல்லுதோம். குடிக்காதுன்னு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கத்தாய் உட்கார்ந்து, மார்பை ஈரத்துணியால் துடைத்து, மாரியை மடியில் போட்டாள். மாரி பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். அந்தக் கூட்டத்தின் முகத்தில் வந்த திருப்தியை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

"பிள்ளைக்கே தெரியுது, பாத்தியளா" என்றாள் மாடத்தி.

தங்கத்தாய் எழுந்தாள். முந்தி முடிச்சை அவிழ்த்து, ஒரு பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் வைத்து மாடத்தியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நக்கிப் பாருங்கக்கா. இதத் தடவிக் குடுத்தா நீங்க குடிப்பியளா?"

மாடத்தி நுனி நாக்கால் தொட்டாள். குமட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடித் துப்பினாள். சரி, விளங்கியது என்று நான் நினைத்தேன். எனக்குத்தான் புத்தி இல்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவள் சொன்னாள்: "இது கொயினால்லா. கரு கலைக்கதுக்குத் திங்கது. எங்க ஊர்ல ஒருத்தி தின்னா. இவ பிள்ளைக்குன்னு சொல்லி வாங்கி இவ திங்கா."

தளவாய் வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னான். அந்த மருந்து இனி இந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டினால் பின்கட்டில் இருக்கலாம், குடும்பத்து மானத்தை அவன் பார்த்துக்கொள்வான். இல்லாவிட்டால் வெளியே. தங்கத்தாய் கையில் இருந்த பொடியை ஒரு துணுக்கும் சிந்தாமல் திருப்பி மடித்தாள். கருப்பட்டியைக் கரைத்து, அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாரியின் மூக்கைப் பிடித்து அந்த வேளை மருந்தைப் புகட்டினாள். பிறகு பாயையும் இரண்டு சட்டியையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். போகட்டும் என்று விட்டுக்கொடுத்தது பேரை. பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை.

பொட்டலம் தீர்ந்து மறுபடி வாங்கப் போனபோது, கம்பவுண்டர் மந்திரமூர்த்தி நடந்ததைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் மாட்டுப் பாலுல்லா சொன்னேன்" என்றார்.

"அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா" என்றாள் தங்கத்தாய்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தடவை பொட்டலம் கேட்டதற்கு மேலாகவே மடித்துக் கொடுத்தார்.

மார்கழி போயிற்று, தை போயிற்று, பங்குனி போயிற்று. தங்கத்தாயின் வயிறு ஆலிலை மாதிரி ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. மாரியின் வயிறு வற்றி, விலாவுக்குக் கீழே விரலில் தட்டுப்பட்ட கட்டியும் கரைந்து, தெரு முழுக்க ஓடித் திரிந்தாள். ஊர் வெட்கப்பட்டதா? கலைத்துவிட்டாள் என்றது. கொயினாவின் சக்தியை நேரில் கண்ட சாட்சிகள் தெருவுக்கு நாலு பேர் கிளம்பினார்கள். உண்டாயிருந்தாலும் குற்றம், உண்டாகாவிட்டாலும் குற்றம். கிணற்றில் அவள் குடத்தை இறக்கினால் மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் யாரும் இல்லாத உச்சிவெயிலில் போய்த் தண்ணீர் எடுக்கப் பழகிக்கொண்டாள். ராத்திரியில் அழுதாள் என்பதும் உண்மை. ஒரே அறையில் படுத்திருந்த எனக்குக் கேட்காமலா இருக்கும்?

அடுத்த வருஷம் சங்கிலிப்பாண்டி லீவில் வந்தான். பட்டாளத்தில் மலேரியாவுக்குக் கொடுக்கிற மாத்திரையைத் தின்று தின்று உடம்பே மஞ்சள் பூத்திருந்தது. தென்காசி ஸ்டேஷனிலேயே அண்ணன் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஓதிவிட்டான். அங்கே தானே காய்ச்சலில் கிடந்து மருந்து தின்று பிழைத்தவன், இவனுக்காவது புரியும் என்று நான் நம்பியிருந்தேன். என் வாசலில் வந்து நின்றான். மாரி கதவைப் பிடித்துக்கொண்டு யாரோ என்று பார்த்தாள். அவன் பிள்ளையைப் பார்க்கவில்லை. அவன் கண் நேரே பெண்டாட்டியின் வயிற்றுக்குப் போயிற்று.

தங்கத்தாய் அசையாமல் நின்றாள். அவன் பார்த்து முடிக்கிற மட்டும் நின்றாள்.

"பாத்தாச்சா? அங்கன ஒண்ணும் இல்ல. இனிப் பிள்ளையப் பாருங்க" என்றாள்.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். லீவு முடிகிறவரைக்கும் மாரியைத் தோளை விட்டு இறக்கவில்லை. அண்ணனோடு பேசுவதில்லை என்று சபதம் போட்டான். அதெல்லாம் நடந்தது. ஆனால் அந்த ஒரு பார்வையை அவள் மன்னிக்கவில்லை, என்னிடமே சொல்லியிருக்கிறாள். நானும் மன்னிக்கச் சொல்லவில்லை.

அவன் திரும்பிப் போய், அடுத்த சாரலும் முடிந்த பிறகு ஒரு மத்தியானம். தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. தங்கத்தாய் கொல்லையில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள், நான் நிழலில் உட்கார்ந்து பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு மாடத்தி வந்தாள். முன்வாசல் வழியாக வரவில்லை.

"ஏட்டி தங்கத்தாயி" என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. அவள் மகன் இசக்கிப்பாண்டியும் பட்டாளத்துக்குப் போயிருந்தான். மருமகள் ஆவுடைத்தாயின் கைப்பிள்ளைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய்ச்சல். வயிறு முன்தள்ளிவிட்டதாம். "நீ மாரிக்கு என்ன குடுத்த?"

எனக்கு அவளை அந்த இடத்திலேயே நாறடிக்க வேண்டும் போல இருந்தது. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டன. தங்கத்தாய் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"தென்காசிக்குத் தூக்கிட்டுப் போங்கக்கா. காய்ச்சல் நாளுன்னு பாக்காதீங்க. கொயினா குடுப்பாக. மார்ல தடவாதீங்க, பால் மறந்துரும். கருப்பட்டித் தண்ணில கரைச்சு, சங்குல வச்சு, மூக்கப் பிடிச்சு ஊத்துங்க" என்றாள்.

மாடத்தி தலையை ஆட்டினாள். ஆனாலும் போகாமல் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதுக்கில்லட்டி. ஆவுடைத்தாயி கொயினா வாங்குதான்னு தெரிஞ்சா... அவ புருசனும் ஊர்ல இல்ல. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. எனக்குப் பயமா இருக்கு."

தங்கத்தாய் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"பேசத்தான் செய்வாக, அக்கா" என்றாள். "மருந்த மட்டும் நிறுத்திராதீங்க."